ஐவர் முன் மண்டியிட்ட குரு

ஏப்ரல் மாத நடுவில் நாம் சித்திரைப் புத்தாண்டைக் கொண்டாடும்போது, நம்மோடு படிக்கும் சீக்கிய நண்பர்கள் வைசாகி திருநாளைக் கொண்டாடுகிறார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வரும்; சில ஆண்டுகளில் வைசாகி ஒரு நாள் முன்னதாக வரும். இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பிக்கும் எனக்கு அந்த வாரத்தில் மாணவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். வைசாகி என்பது சீக்கியர்களின் புத்தாண்டா என்பது முதல் கேள்வி. சீக்கிய ஆண்களுக்குச் சிங் என்றும் பெண்களுக்குக் கவுர் என்றும் பெயர் முடிகிறதே, அவர்கள் அனைவரும் ஒரே குடும்பத்தவரா என்பது இரண்டாவது கேள்வி.

இரண்டாவது கேள்வியை மாணவர்கள் விளையாட்டாகத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தப் பெயரை அவர்களுக்குக் கொடுத்தவர், அவர்கள் ஒரே குடும்பமாக வேண்டும் என்று எண்ணித்தான் கொடுத்தார். அவர் சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் வைசாகியின் பொருளும் நமக்கு விளங்கிவிடும்.

வைகாசியும் வைசாகியும்

முதலில் பெயரைப் பார்ப்போம். வைசாகி என்றதும் நமக்கு வைகாசி மாதம் நினைவுக்கு வருகிறது. இரண்டும் விசாக நட்சத்திரத்தின் பெயரிலிருந்து வந்தவைதாம். புத்தர் பிறந்தநாளான விசாக தினத்தின் பெயரும் அப்படித்தான். ஆனால் மாதக் கணக்கில் ஒரு வேறுபாடு உண்டு. சூரியன் மேஷ ராசியில் நுழையும் நாளில் நாம் சித்திரை மாதத்தைத் தொடங்குகிறோம். பஞ்சாபியர் அதே நாளில் வைசாக் மாதத்தைத் தொடங்குகிறார்கள். ஆகவே நம் சித்திரையும் அவர்களுடைய வைசாக்கும் ஒரே காலம்.

பஞ்சாபில் அது கோதுமை விளைந்து அறுவடைக்குக் காத்திருக்கும் நேரம். எனவே சீக்கிய சமயம் தோன்றுவதற்கு முன்பே அங்கே வைசாகி ஒரு மகிழ்ச்சித் திருநாளாக இருந்தது. பழைய வழக்கத்தில் அதுவே புத்தாண்டும் ஆகும். இன்று பல குருத்வாராக்கள் பின்பற்றும் நானக்சாகி நாட்காட்டியிலோ ஆண்டு மார்ச் நடுவில், சேத் மாதத்தில் பிறந்துவிடுகிறது. எனவே இன்றைய சீக்கியருக்கு வைசாகியின் சிறப்பு ஆண்டுப் பிறப்பில் இல்லை.

மூன்றாவது குருவான குரு அமர்தாஸ், வைசாகி, தீபாவளி ஆகிய நாள்களில் தம் சீடர்கள் ஓரிடத்தில் கூட வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். பல ஊர்களில் சிதறிக் கிடந்த அடியார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள அந்தக் கூட்டம் உதவியது. பின்னாளில் அத்தகைய ஒரு வைசாகிக் கூட்டத்தில்தான் சீக்கியரின் வரலாறு திசை திரும்பியது. அதை நடத்தியவரின் கதைக்கு வருவோம்.

பாட்னாவில் பிறந்த பிள்ளை

குரு கோவிந்த் சிங் பஞ்சாபில் பிறக்கவில்லை. 1666ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், கங்கைக் கரையில் உள்ள பாட்னா நகரில் பிறந்தார். பிள்ளைக்கு வைத்த பெயர் கோவிந்த ராய். தந்தை ஒன்பதாவது குருவான குரு தேக் பகதூர். தாயார் மாதா குஜ்ரி. பிள்ளை பிறந்தபோது தந்தை கிழக்கே வங்காளம், அசாம் பகுதிகளில் பயணத்தில் இருந்தார். பிறந்த இடத்தில் இன்று தக்த் ஸ்ரீ பாட்னா சாகிப் என்ற பெரிய குருத்வாரா நிற்கிறது.

கோவிந்தருக்கு ஐந்து வயது கடந்தபோது குடும்பம் பஞ்சாபின் மலையடிவாரத்தில் உள்ள ஆனந்த்பூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிறுவன் குர்முகி எழுத்தும் பாரசீகமும் சமஸ்கிருதமும் கற்றான். குதிரையேற்றமும் வில்வித்தையும் பழகினான். பிற்காலத்தில் அவர் வாள் ஏந்திய வீரராகவும் பல மொழிகளில் பாடிய கவிஞராகவும் விளங்கியதற்கு அடித்தளம் இந்த ஆண்டுகளில்தான் விழுந்தது.

அந்த அமைதி நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1675இல் காஷ்மீரிலிருந்து பண்டிதர்கள் சிலர் குரு தேக் பகதூரைத் தேடி வந்தார்கள். பேரரசர் ஔரங்கசீப்பின் ஆட்சியில் மதம் மாறும்படி தாங்கள் வற்புறுத்தப்படுவதாக முறையிட்டார்கள். வந்தவர்கள் சீக்கியர் அல்லர். அவர்களுடைய வழிபாட்டு முறையும் குருவின் வழியும் வேறு வேறு. பூணூல் சடங்கை முதல் குருவான குரு நானக்கே ஏற்க மறுத்தவர். என்றாலும், பிறர் தம் மனத்துக்கு உகந்த வழியில் இறைவனை வணங்கும் உரிமைக்காகக் குரு தேக் பகதூர் தம்மையே முன்னிறுத்தினார். புகழ்பெற்ற ஒருவரின் தியாகமே இதைத் தடுக்கும் என்று தந்தை சிந்தனையில் ஆழ்ந்தபோது, அதற்கு அவரைவிடத் தகுந்தவர் யார் என்று கேட்டது ஒன்பது வயது மகன்தான் என்று சீக்கிய மரபு சொல்கிறது.

1675 நவம்பரில் தில்லி சாந்தனி சௌக்கில் குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்டது. அவருடன் சென்ற பாய் மதி தாஸ், பாய் சதி தாஸ், பாய் தயாளா ஆகிய மூவரும் அதற்கு முன்பே கொடுமையான முறையில் கொல்லப்பட்டனர்.

குருவின் உடலை எடுக்கவும் மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை மீறி இருவர் முன்வந்தனர். லக்கி ஷா என்ற வணிகர் உடலைத் தம் வண்டியில் மறைத்து எடுத்துச் சென்று, தம் வீட்டுக்குள் வைத்து, வீட்டோடு தீ மூட்டினார். வெளிப்படையாகத் தகனம் செய்ய வழியில்லாததால் ஒரு மனிதர் தம் வீட்டையே சிதையாக்கினார். பாய் ஜைதா என்ற இளைஞர் குருவின் தலையைத் துணியில் சுற்றிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆனந்த்பூருக்குக் கொண்டு சேர்த்தார். ஜைதா, அன்றைய சமூகம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர். தந்தையின் தலையைக் கொண்டு வந்த அவரைச் சிறுவன் கோவிந்தன் மார்போடு அணைத்துக்கொண்டான்.

மாணவர்களே, ஒன்பது வயது என்றால் நம் நாட்டில் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அந்த வயதில் தந்தையை இழந்ததோடு ஒரு சமூகத்தின் தலைமைப் பொறுப்பும் அவர் தோளில் ஏறியது. தில்லியில் நடந்ததில் இன்னொரு வருத்தமும் அவர் மனத்தில் தங்கிவிட்டது. குரு கொல்லப்பட்ட நாளில் அங்கே சீக்கியர் பலர் இருந்தும், தாம் சீக்கியர் என்று காட்டிக்கொள்ளத் துணிந்தவர் மிகச் சிலரே. கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாதபடி தம் மக்களுக்கு ஓர் அடையாளம் தரவேண்டும் என்ற எண்ணம் அப்போதே முளைத்தது என்று மரபு கூறுகிறது.

கவிஞர்களும் கோட்டைகளும்

அடுத்த இருபது ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. யமுனைக் கரையில் பாவுண்டா என்ற இடத்தில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கே கவிஞர்கள் கூடினார்கள். அவருடைய அவையில் 52 கவிஞர்கள் இருந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சமஸ்கிருத நூல்கள் மக்களுக்குப் புரியும் மொழிக்கு மாற்றப்பட்டன. படிப்பு ஒரு குலத்தின் தனிச்சொத்தாக இருந்த காலத்தில் இது பெரிய காரியம்.

அவருடைய செல்வாக்கு வளர்வதைச் சுற்றியிருந்த மலைநாட்டு அரசர்கள் விரும்பவில்லை. 1688இல் பங்காணி என்ற இடத்தில் போர் மூண்டது. அந்த அரசர்கள் இந்துக்கள். அந்தப் போரில் குருவுக்குத் துணையாகத் தம் சீடர்களையும் மகன்களையும் திரட்டி வந்தவர் சதௌராவைச் சேர்ந்த பீர் புத்து ஷா என்ற முஸ்லிம் சூஃபி ஞானி. அவருடைய மகன்களில் இருவர் களத்தில் வீழ்ந்தனர். குரு கோவிந்த் சிங்கின் போர்களை ஒரு மதத்துக்கும் இன்னொரு மதத்துக்கும் நடந்த சண்டையாகச் சிலர் சுருக்கிச் சொல்வதுண்டு. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்த்தால் அந்தச் சுருக்கம் பொருந்தாது.

பின்னர் ஆனந்த்பூருக்குத் திரும்பி, அதைச் சுற்றிக் கோட்டைகள் கட்டினார். ஆனந்த்கர், லோகர், கேஷ்கர் என்பவை அவற்றுள் சில.

உள்ளேயும் ஒரு சிக்கல் இருந்தது. அடியார்களின் காணிக்கையைத் திரட்டிக் குருவிடம் சேர்க்க மசந்துகள் என்ற முகவர்கள் ஊர்தோறும் இருந்தனர். காலப்போக்கில் அவர்களுள் பலர் தம்மையே சிறு குருக்களாக நினைத்துக்கொண்டு மக்களை ஏய்த்தனர். குருவுக்கும் மக்களுக்கும் நடுவே யாரும் தேவையில்லை என்று அவர் அந்த முறையையே ஒழித்தார். ஒரு தலைவர் தமக்கு வருமானம் தரும் அமைப்பைத் தாமே கலைப்பது எளிதன்று.

1699 வைசாகி

1699ஆம் ஆண்டு வைசாகிக்கு அனைவரும் ஆனந்த்பூருக்கு வரவேண்டும் என்று குரு செய்தி அனுப்பினார். பெருங்கூட்டம் திரண்டது. கேஷ்கரில் கூடாரம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. வழிபாடு முடிந்ததும் குரு உருவிய வாளோடு மேடையில் நின்று, தமக்கு ஒரு தலை வேண்டும், கொடுப்பவர் உண்டா என்று கேட்டார்.

கூட்டம் திகைத்தது. மீண்டும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது ஒருவர் எழுந்தார். அவரைக் கூடாரத்துக்குள் அழைத்துச் சென்ற குரு, இரத்தம் படிந்த வாளுடன் தனியாக வெளியே வந்து, இன்னொரு தலை வேண்டும் என்றார். சிலர் நழுவிச் சென்றார்கள். ஆனாலும் இரண்டாமவர் எழுந்தார். இப்படியே ஐவர் எழுந்து சென்றார்கள். பிறகு குரு அந்த ஐவரையும் உயிரோடு, புத்தாடை உடுத்தி வெளியே அழைத்து வந்தார்.

அந்த ஐவர் யார் என்பது முக்கியம். லாகூரைச் சேர்ந்த தயா ராம் கத்ரி குலத்தவர். ஹஸ்தினாபுரத்துத் தரம் தாஸ் உழவர். கிழக்குக் கடற்கரையில் உள்ள பூரியிலிருந்து வந்த ஹிம்மத் ராய் தண்ணீர் சுமப்பவர். மேற்குக் கடற்கரைத் துவாரகையிலிருந்து வந்த மோகம் சந்த் துணிகளுக்கு அச்சிடும் தொழிலாளி. தெற்கே, இன்றைய கர்நாடகத்தில் உள்ள பீதரைச் சேர்ந்த சாகிப் சந்த் முடிதிருத்துபவர். ஐந்து திசை, ஐந்து தொழில். அன்றைய வழக்கப்படி ஒரே பாத்திரத்தில் நீர் அருந்தக் கூடாதவர்கள்.

குரு ஓர் இரும்புக் கிண்ணத்தில் நீரை ஊற்றினார். கண்டா எனப்படும் இருபுறமும் கூர்மையுள்ள வாளால் அதைக் கலக்கியபடியே வழிபாட்டுப் பாடல்களை ஓதினார். நீரில் சர்க்கரைக் கட்டிகள் சேர்க்கப்பட்டன. அந்த நீருக்கு அம்ரித் என்று பெயர். நம் அமிர்தம் என்ற சொல்தான் அது. ஐவரும் ஒரே கிண்ணத்திலிருந்து அதைப் பருகினர். தங்கள் குலப் பெயர்களைக் களைந்து அனைவரும் சிங் ஆனார்கள். சிங் என்றால் சிங்கம். அதுவரை ராஜபுத்திரர் போன்ற போர்க்குலத்தார் பெருமையாகச் சூட்டிக்கொண்ட பெயர் அது. தண்ணீர் சுமப்பவரும் முடிதிருத்துபவரும் அன்று அந்தப் பெயரைப் பெற்றார்கள். இந்த ஐவரே பஞ்ச் பியாரே, அதாவது அன்புக்குரிய ஐவர். அவர்களைத் தொடர்ந்து உருவான அமைப்பே கால்சா.

கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்று மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வெளியே எல்லார் கண்முன்னும் நடந்தது. ஐவருக்கும் அம்ரித் கொடுத்து முடித்த குரு, அவர்கள் முன் மண்டியிட்டார். தமக்கும் அதே அம்ரித்தைத் தரும்படி கேட்டார். ஐவரும் திகைத்தார்கள். குரு சீடர்களுக்குத் தீட்சை கொடுப்பதை உலகம் கண்டிருக்கிறது. சற்று முன்பு தாம் தீட்சை கொடுத்த சீடர்களிடமே குரு தீட்சை கேட்பதை யார் கண்டிருக்கிறார்கள்? அவர்கள் கொடுத்தார்கள், அவர் பெற்றுக்கொண்டார். அதுவரை கோவிந்த ராயாக இருந்தவர் அந்தக் கணத்திலிருந்து கோவிந்த் சிங். பெயரையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டார்.

வைசாகியின் உட்பொருள் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வீரத்தை அன்று பலரும் காட்டினார்கள். ஆனால் தாம் வகுத்த விதிக்குத் தாமும் கட்டுப்பட்டவர் என்று ஒரு தலைவர் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஒப்புக்கொண்டது அரிது.

ஐந்து அடையாளங்கள்

கால்சாவில் சேர்ந்தவர்கள் ஐந்து பொருள்களைத் தாங்க வேண்டும். பஞ்சாபி மொழியில் அவை ஐந்தும் க என்ற எழுத்தில் தொடங்குகின்றன. வெட்டாத முடி கேஷ். அதைச் சீராக வைத்திருக்க உதவும் மரச் சீப்பு கங்கா. கையில் அணியும் எஃகு வளையம் கடா. தைத்த அரைக்கால் உள்ளாடை கச்சேரா. எளியவரைக் காக்கும் கடமையை நினைவூட்டும் குறுவாள் கிர்பான். தில்லியில் கூட்டத்தோடு கூட்டமாய் மறைந்து நின்றவர்களுக்கு இனி மறைய வழியில்லை. ஆயிரம் பேர் நடுவிலும் சீக்கியர் தெரிந்துவிடுவார். உதவி கேட்டு வருபவருக்கும் அவரை எளிதில் அடையாளம் தெரியும்.

கவுர் என்ற பெயருக்கு இளவரசி என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். இந்தப் பெயரால், ஒரு பெண் தந்தையின் குலப் பெயரையோ கணவரின் குலப் பெயரையோ நம்பி நிற்கத் தேவையில்லாமல் போனது. இங்கே ஒரு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங் என்ற பெயருடைய எல்லாரும் சீக்கியர் அல்லர். வட இந்தியாவில் வேறு பலரும் அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள்.

வாக்குத் தவறிய சத்தியம்

கால்சாவின் தோற்றம் மலைநாட்டு அரசர்களையும் முகலாய ஆட்சியாளர்களையும் கலக்கியது. ஆனந்த்பூர் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டது. அந்தப் போர்களின்போது பாய் கன்னையா என்ற சீக்கியர் தோல்பையில் நீர் சுமந்து, காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குக் கொடுத்து வந்தார். பகைவரின் வீரர்களுக்கும் நீர் தருகிறார் என்று அவர்மீது குருவிடம் புகார் சென்றது. களத்தில் தமக்கு நண்பர் முகமோ பகைவர் முகமோ தெரியவில்லை, குருவின் முகமே தெரிகிறது என்ற கருத்தில் அவர் விளக்கம் சொன்னார். குரு அவரைக் கண்டிக்கவில்லை. காயங்களுக்குப் போட மருந்தையும் கொடுத்து அனுப்பினார்.

1704ஆம் ஆண்டின் இறுதியில், சிலர் கணக்கின்படி 1705இல், நீண்ட முற்றுகையால் ஆனந்த்பூரில் உணவு தீர்ந்தது. கோட்டையை விட்டு வெளியேறினால் தாக்க மாட்டோம் என்று எதிரிகள் சத்தியம் செய்து கொடுத்தார்கள். குரு வெளியேறியதும் அந்தச் சத்தியம் காற்றில் பறந்தது. குளிர்கால இரவில், வெள்ளம் பெருக்கெடுத்த சர்சா ஆற்றைக் கடக்கும்போது குடும்பம் சிதறியது. பல கையெழுத்துச் சுவடிகள் ஆற்றோடு போயின.

சில பத்துப் பேருடன் குரு சம்கௌர் என்ற ஊரில் ஒரு மண்வீட்டை அடைந்தார். பெரும்படை அந்த வீட்டைச் சூழ்ந்தது. பதின்ம வயதினரான மூத்த மகன்கள் அஜித் சிங்கும் ஜுஜார் சிங்கும் ஒருவர் பின் ஒருவராகக் களம் சென்று மடிந்தார்கள். அடுத்துத் தாமே செல்லக் குரு ஆயத்தமானார். அப்போது எஞ்சியிருந்தவர்களுள் ஐவர் ஒன்றுகூடி, கால்சாவின் பெயரால் அவருக்கு ஆணையிட்டார்கள். குரு உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே இந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பதே அந்த ஆணை.

பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தைக்கு அங்கேயே போரிட்டு மடிவதுதான் எளிதாக இருந்திருக்கும். ஆனால் ஐவர் கூடிச் சொன்னால் அது கால்சாவின் சொல். 1699 வைசாகியன்று அவர் ஐவர் முன் மண்டியிட்டது மேடைக்காகச் செய்த செயலாக இருந்திருந்தால் இந்த இரவில் அது கலைந்து போயிருக்கும். அவர் கீழ்ப்படிந்தார். இருளில் வெளியேறினார். அவர் தப்பிச் செல்லும் நேரத்தைப் பெற்றுத் தரப் பின்தங்கியவர்கள் உயிர் துறந்தார்கள். அன்று தந்தையின் தலையைச் சுமந்து வந்த ஜைதா, அம்ரித் பெற்று ஜீவன் சிங் ஆகி, இந்தக் காலத்துப் போரில்தான் வீழ்ந்தார்.

இளைய மகன்கள் ஜொராவர் சிங்கும் ஃபதே சிங்கும் பாட்டியோடு பிடிபட்டு, சிர்ஹிந்த் ஆளுநர் வசீர் கானிடம் கொண்டு செல்லப்பட்டார்கள். மூத்தவனுக்கு ஏறத்தாழ ஒன்பது வயது. இளையவனுக்கு அதனினும் குறைவு. மதம் மாற மறுத்த அவர்கள் உயிரோடு சுவரில் வைத்துக் கட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். செய்தி கேட்ட பாட்டி மாதா குஜ்ரியும் உயிர் நீத்தார். அந்த அவையில், குழந்தைகளைக் கொல்வது தகாது என்று எதிர்த்துப் பேசியவர் மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான். அவர் குருவை எதிர்த்துப் போரிட்டவர். ஆயினும் அந்த ஒரு சொல்லைச் சீக்கியர் மறக்கவில்லை. 1947இல் பஞ்சாப் பிரிவினைக் கலவரத்தில் எரிந்தபோது மாலேர்கோட்லா முஸ்லிம்கள் பெரும்பாலும் தீங்கின்றி இருந்ததற்கு இந்த நன்றியுணர்வே காரணம் என்று சொல்லப்படுகிறது.

சம்கௌரிலிருந்து தப்பிக் காட்டில் அலைந்த குருவைக் காப்பாற்றியவர்கள் கனி கான், நபி கான் என்ற இரு பட்டாணியச் சகோதரர்கள். அவரை ஒரு முஸ்லிம் பெரியவர் போல நீல உடை உடுத்தி, பல்லக்கில் சுமந்து, எதிரிப் படைகளின் ஊடே கொண்டு சென்றார்கள்.

கிழிக்கப்பட்ட கடிதம்

முற்றுகையின் பசியைத் தாங்காமல் நாற்பது சீக்கியர்கள், இனி நீங்கள் எங்கள் குரு அல்லர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியிருந்தார்கள். மாயி பாகோ என்ற பெண்மணி அவர்களைக் கடிந்து, தாமே ஆயுதம் ஏந்தி, அவர்களை மீண்டும் குருவிடம் அழைத்துச் சென்றார். 1705இல் கித்ரானா என்ற குளக்கரையில் குருவைத் துரத்தி வந்த படையை அவர்கள் தடுத்து நிறுத்தி மடிந்தார்கள். உயிர் பிரியும் நேரத்தில் மகான் சிங் என்பவர் குருவிடம் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட வேண்டும். இத்தனை இடர்களுக்கு நடுவிலும் குரு அதைத் தம்மிடம் வைத்திருந்தார். அவர் கண்முன்னே கிழித்தார். அந்த ஊர் இன்று முக்த்சர் என்று வழங்குகிறது. முக்தி பெற்றவர்களின் குளம் என்பது பொருள்.

நான்கு மகன்களையும் தாயையும் இழந்த பிறகும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பாரசீக மொழியில் ஔரங்கசீப்புக்கு ஜபர்நாமா என்ற கவிதை மடலை எழுதினார். வெற்றி மடல் என்று பொருள். தோற்றவர் எழுதும் கடிதத்துக்கு அந்தப் பெயரா என்று தோன்றலாம். சத்தியத்தை மீறியவர் வென்றவர் ஆகமாட்டார் என்பதே அதன் சாரம்.

இறுதி முடிவு

பின்னர் தம்தமாவில் தங்கி, புனித நூலான கிரந்தத்துக்கு இறுதி வடிவம் கொடுத்தார். பாய் மணி சிங் அதை எழுத உதவினார். தம் தந்தையின் பாடல்களை அதில் சேர்த்தார். குரு கோவிந்த் சிங்கின் பெயரால் வழங்கும் பாடல்கள் தசம் கிரந்தம் என்ற வேறொரு தொகுப்பில் உள்ளன.

1707இல் ஔரங்கசீப் மறைந்தார். அடுத்த ஆண்டு, கோதாவரிக் கரையில் உள்ள நாந்தேட் நகரில் குரு தங்கியிருந்தபோது, ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். காயம் ஆறாமல் 1708 அக்டோபரில் தம் 41ஆம் வயதில் அவர் காலமானார்.

அடுத்த குரு யார் என்ற கேள்வி எழுந்தது. இனி எந்த மனிதரும் குரு ஆகமாட்டார். கிரந்தமே நிரந்தர குரு என்று அறிவித்துவிட்டே அவர் விடைபெற்றார். 1430 பக்கங்களாக இன்று அச்சிடப்படும் அந்த நூலில் குருக்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், மராத்திய அடியார் நாமதேவர், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் உள்ளன. குருத்வாராவில் அந்த நூலின் முன் தலை வணங்கும் ஒருவர், அவர் எந்தக் குலத்தில் பிறந்தவராயினும், அந்தத் தொழிலாளர்களின் சொற்களின் முன்னும் வணங்குகிறார். மேடையில் மண்டியிட்டுத் தொடங்கியதை அவர் இப்படி முடித்து வைத்தார்.

இன்றைய வைசாகி

வைசாகிக்கு இரண்டு நாள் முன்பே குருத்வாராக்களில் அகண்ட பாத் தொடங்கும். கிரந்தம் முழுவதையும் ஏறத்தாழ 48 மணி நேரம் இடைவிடாமல் மாறி மாறிப் படிப்பார்கள். திருநாளன்று நிஷான் சாகிப் என்னும் கொடிக்கம்பத்தை இறக்கிக் கழுவிப் புதுத் துணி சுற்றி ஏற்றுவார்கள். நகர் கீர்த்தன் என்னும் ஊர்வலத்தில் ஐவர் வாளேந்தி, கிரந்தம் வரும் ஊர்திக்கு முன்னே நடப்பார்கள். அந்த ஐவர் பஞ்ச் பியாரேயை நினைவுபடுத்துகிறார்கள். கால்சாவில் சேர விரும்புவோர்க்கு அன்று அம்ரித் கொடுக்கப்படும். இன்றும் அதைக் கொடுப்பவர்கள் ஐவரே. தனி ஒருவரால் கொடுக்க முடியாது. ஆனந்த்பூரில் 1699 நிகழ்ச்சி நடந்த இடத்தில் தக்த் ஸ்ரீ கேஷ்கர் சாகிப் உள்ளது.

நம் நாட்டுக்குச் சீக்கியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து காவல் படையினராகவும் இராணுவத்தினராகவும் வந்தார்கள். கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பலேறி வந்ததால் பெங்காலி என்ற பெயர் அவர்களுக்கு மலாய் வழக்கில் ஒட்டிக்கொண்டது. வங்காளத்துக்கும் அவர்களுக்கும் வேறு தொடர்பில்லை. அவர்கள் சென்ற ஊர்களிலெல்லாம் குருத்வாரா எழுந்தது. பினாங்கில் ஒரு சாலைக்கே ஜாலான் குருத்வாரா என்று பெயர்.

குருத்வாராவின் லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் பெரும்பாலும் அனைவரும் தரையில் வரிசையாக அமர்ந்து ஒரே உணவை உண்பார்கள். அருகில் இருப்பவர் மருத்துவரா, பாதுகாவலரா என்று யாரும் கேட்பதில்லை. குரு நானக் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் இது.

சீக்கிய சமூகத்தில் சாதி முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். திருமணப் பேச்சில் அது இன்னும் தலைகாட்டுகிறது என்று சீக்கிய அறிஞர்களே வருந்துகிறார்கள். நம் வீடுகளிலும் அது புதிதன்று. கப்பலில் ஒன்றாக வந்து, தோட்டத்தில் ஒன்றாக வியர்வை சிந்திய நம் மூதாதையர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இருந்தும் பெண் பார்க்கும் நேரத்தில் சாதி கேட்கும் குரல் நம்மிடையே ஓயவில்லை. 300 ஆண்டுகளுக்கு முன் ஒரு கிண்ண நீரால் அந்தக் கேள்வியை மூட ஒருவர் முயன்றார். அதற்காக அவர் கொடுத்த விலை நான்கு பிள்ளைகள். மிச்ச வேலை ஒவ்வொரு தலைமுறைக்கும் இருக்கிறது.

உங்களில் பலர் மாணவர் தலைவர்களாக, கழகத் தலைவர்களாக இருப்பீர்கள். நாளை பெரிய பொறுப்புகளுக்கும் வருவீர்கள். நீங்கள் போடும் விதி உங்களுக்கும் பொருந்துமா, உங்கள் குழுவினர் ஒன்றுகூடி எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் ஏற்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். குரு கோவிந்த் சிங் சம்கௌரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்.

அடுத்த வைசாகிக்குச் சீக்கிய நண்பர் அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். காலணியைக் கழற்றி, கை கழுவி, தலையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பிரசாதத்தை இரு கைகளாலும் வாங்குங்கள். லங்கரில் தேவையான அளவு மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள். முடிந்தால் சற்று நேரம் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் உதவுங்கள். அங்கே அதைச் சேவை என்பார்கள். நம் மொழியிலும் அதற்கு அதே சொல்தான்.